ஷீலா மேலே தூங்குகிறாள்

எங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த மிஸ்ஸுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். வகுப்பில் முப்பத்தொரு பேர் இருந்தோம்; ஒருத்தியும் கேட்கவில்லை. இத்தனைக்கும் பெயர் விஷயத்தில் அவரைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. "எல்லாரும் சொல்றாங்க மிஸ்" என்று யாராவது ஆரம்பித்தால் மார்க்கர் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிடுவார்.

"எல்லாரும்னா யாரு? ஒரு பேர் சொல்லு."

சொல்ல முடியாது. சொல்ல முடியாதவள் உட்கார வேண்டியதுதான். ஆள் இல்லாத வாக்கியம் காலி டப்பா, ஆட்டினால் சத்தம்தான் வரும் என்பார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லியே ஒருத்தியை ஒருத்தி கேலி செய்துகொண்டிருந்தோம்.

குன்றத்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்துவிடுவார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வெளிர்நிறப் பருத்திப் புடவை, மணிக்கட்டின் உட்பக்கம் திருப்பிக் கட்டிய வாட்ச், மடக்குக்குடை எட்டிப்பார்க்கும் துணிப்பை. குரல் உயரவே உயராது. முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு, வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கிற பெண்மணி என்றுதான் தோன்றும். பயமெல்லாம் கொஞ்சம் பழகிய பிறகுதான் வந்தது.

எங்கள் ஹாஸ்டல் ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து வல்லம் போகிற வழியில் இருந்தது. கார்களுக்கு பிளாஸ்டிக் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் வேலை. எல்லோரும் ஏஜென்சி மூலமாக வந்தவர்கள். ஹாஸ்டலை விட்டு அனுப்பினால் வேலையும் அன்றோடு போச்சு. கம்பெனி எங்களுக்கு இரண்டு வகுப்புகள் நடத்தியாக வேண்டும். ஒன்று ஆங்கிலம், மற்றொன்று எச்.ஐ.வி. விழிப்புணர்வு. இரண்டுக்கும் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்து மேலே அனுப்ப வேண்டும். இருந்ததோ ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம். எச்.ஆரில் இருந்த யாரோ ஒரு புத்திசாலி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்.

அப்படித்தான் எங்களுக்கு வாய்த்த ஆங்கிலம் ரத்தத்தில் ஆரம்பித்தது. பிளட், நீடில், ஷேர், ஸ்ப்ரெட், பிரிவென்ட். சாப்பாட்டுக்கூடத்தில் அன்றைய மெனு எழுதுகிற வெள்ளைப் பலகைதான் எங்களுக்கும் பலகை. மூலையில் "பீட்ரூட் பொரியல், ரசம்" அழியாமல் இருக்கும். நடுவில் மிஸ் எழுதுவார்: எச்.ஐ.வி. டஸ் நாட் ஸ்ப்ரெட் பை ஷேரிங் எ பெட். ஒரே படுக்கையில் படுப்பதால் பரவாது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது, கொசுக்கடியால் பரவாது. பாதுகாப்பில்லாத உறவால் பரவும், ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போட்டால் பரவும், தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவலாம். முப்பத்தொரு குரலும் சேர்ந்து சொல்லும்போது கோயில் பஜனை மாதிரிதான் இருக்கும். சமையல்கார அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

'காண்டம்' என்ற சொல் வந்த அன்று பெஞ்சுக்கு அடியில் போய்ச் சிரித்தோம். மிஸ் கோபப்படவில்லை. சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒவ்வொருத்தியையும் எழுப்பி இருபது தடவை சொல்லச் சொன்னார். எட்டாவது தடவையிலேயே சிரிப்பு போய்விட்டது. "வெட்கம் சோப்பு மாதிரி. தேய்க்கத் தேய்க்கக் கரைஞ்சுடும்" என்றார். அதன்பிறகு எங்களுக்கு அது ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் மாதிரி ஒரு சாமானாகிவிட்டது.

என் சிநேகிதி பேச்சி தென்காசிக்காரி. எதையும் மனப்பாடம் பண்ணிவிடுவாள். ஒருநாள் ஜப்பான் என்ஜினீயர் ஒருவர் லைனுக்கு வந்து, இவள் முன்னால் நின்று, "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டுவிட்டார். பேச்சி விறைப்பாக நின்று கையை நீட்டி, "யூ கெனாட் கெட் எச்.ஐ.வி. ஃப்ரம் எ ஹேண்ட்ஷேக், சார்" என்றாள். என்ஜினீயர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்தார். பிறகு அந்த மனிதர் இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை இதை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு சொன்னோம். மிஸ் சிரிக்கவில்லை. "சரியாத்தானே சொல்லியிருக்கா? அவர் பேர் கேட்டியா?" என்றார்.

ஷீலா மூன்றாவது வாரம் வந்தாள். கிருமி, நோயாளி என்று பலகையில் எழுதியபின் மிஸ் சற்று நின்று, நோயாளி என்பதை அழித்துவிட்டு ஷீலா என்று எழுதினார். ஷீலா ஹேஸ் எ வைரஸ். ஷீலா ஈஸ் நாட் எ வைரஸ். ஷீலாவிடம் ஒரு கிருமி இருக்கிறது. ஷீலா கிருமி அல்ல. சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கு ஆங்கிலம் புரிய ஆரம்பித்தது.

அதன்பிறகு எல்லா வாக்கியங்களிலும் ஷீலாதான். ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுப் பழக வேண்டும் என்பதற்காக எங்களை அவளைப் பற்றிக் கேட்கச் சொல்வார். எங்கிருந்து வந்தாள்? வந்தவாசிப் பக்கம். வேலை? நம்மை மாதிரிதான், ராத்திரி ஷிஃப்ட். என்ன பிடிக்கும்? மாங்காய் ஊறுகாய். இடது கட்டைவிரலில் என்ன? பாகத்தின் ஓரத்தைச் சீவும்போது கத்தி பட்ட தழும்பு. தினமும் ஒரு மாத்திரை, சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால். விடாமல் சாப்பிட்டால் கிருமி ரத்தத்தில் அடங்கிக் கிடக்கும், உறவு மூலமாகக்கூட இன்னொருவருக்குப் போகாது.

இதில் கலவரப்படுத்துகிற விஷயம் ஒன்று இருந்தது. மிஸ் யோசிக்கவே மாட்டார். கேள்வி முடியும் முன்பே பதில் வரும், நேற்றுப் பார்த்த ஆளைப் பற்றிச் சொல்வது போல. பேச்சி ஒரு நோட்டுப் போட்டு எல்லாப் பதில்களையும் எழுதிவைத்தாள். இரண்டு மாதம் கழித்துப் பழைய கேள்விகளையே மாற்றி மாற்றிக் கேட்டாள். ஓர் இடத்தில்கூட முரண்படவில்லை.

"ஏட்டி, கதை விடுதவன்னா எங்கனயாவது மாட்டணும்லா? இவுக மாட்டவே மாட்டேங்காவ. எனக்கு ஈரக்கொலை நடுங்குது, பாத்துக்கோ" என்றாள்.

நான் துணிந்து ஒருநாள் தமிழிலேயே கேட்டேன். "மிஸ், ஷீலா நிஜமாவே இருக்காங்களா?"

"நீ பார்த்ததில்லைன்னா, இல்லைன்னு ஆயிடுமா?" என்றார் மிஸ். சொல்லிவிட்டு டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். அவர் எப்போதும் காலி நாற்காலிக்கு எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிடுவார்.

இப்போது நினைத்தால் புரிகிறது. அவர் ஷீலாவை எங்களிடமிருந்து எடுத்துத்தான் செய்தார். கட்டைவிரலில் தழும்பு இல்லாதவள் அந்த ஹாஸ்டலில் யார்? வந்தவாசியிலிருந்தும் செய்யாறிலிருந்தும் வந்தவர்கள் எத்தனை பேர்! யாரைப் பார்த்தாலும் ஷீலாவாக இருக்கலாம், அதுதான் பாடம். எந்தப் பெண்ணையும் பார்த்து, 'இவளாக இருக்க முடியாது' என்றோ 'இவள்தான்' என்றோ சொல்ல முடியாது என்று எங்களுக்குப் புரியவைக்க நினைத்தார். எங்களுக்குப் புரிந்தது வேறு. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால் பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று புரிந்துகொண்டோம்.

அதற்குக் காரணம் எங்கள் கட்டில்கள். ஹாஸ்டலில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். பகல் ஷிஃப்டுக்கு ஒருத்தி, ராத்திரி ஷிஃப்டுக்கு ஒருத்தி. காலையில் நாங்கள் போகிற பஸ்ஸும் அவர்கள் திரும்புகிற பஸ்ஸும் வழியில் எதிரெதிரே கடக்கும். கண்ணாடியில் சாய்ந்து வாய் திறந்து தூங்குகிற முகங்கள் ஒரு கணம் தெரியும், அவ்வளவுதான். வாரவிடுமுறைகூட அவர்களுக்கு வேறு நாள். என் கட்டில் பதினேழாம் எண். ஏழு மாதம் அதில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்தினேன், முகம் தெரியாது. நான் திரும்பும்போது தலையணையில் அவள் தலை அழுத்திய பள்ளம் இருக்கும். போர்வையை அவள் முக்கோணமாக மடிப்பாள், நான் சதுரமாக மடிப்பேன். ஒருமுறை எனக்குச் சளி பிடித்திருந்தபோது தலையணைக்குக் கீழே ஒரு இருமல் மிட்டாய் இருந்தது.

ஞாயிறு பகலிலும் மாடி அவர்களுடையது. தூங்குகிறவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று நாங்கள் கீழேயே இருக்க வேண்டும். தலைக்கு மேலே நூறு பெண்கள் தூங்கிக்கொண்டிருக்க, கீழே நாங்கள் ரத்தம், ஊசி என்று ஒப்பித்துக்கொண்டிருப்போம். சில சமயம் யாரோ புரண்டு படுக்கிற சத்தம் வரும். மிஸ் நிறுத்திவிட்டு மேலே பார்ப்பார்.

ஒரு ஞாயிறு எங்கள் கூச்சல் அதிகமாகிவிட்டது. மிஸ் உதட்டில் விரல் வைத்து, அவருடைய வழக்கமான தாழ்ந்த குரலில் சொன்னார்: "மெதுவா. ஷீலா ஈஸ் ஸ்லீப்பிங் அப்ஸ்டேர்ஸ்."

அவர் எங்களை அடக்கத்தான் சொன்னார். முப்பத்தொரு தலைகளும் கூரையைப் பார்த்தன.

அடுத்த வாரம் குளியலறை வரிசையில் ஒரு புது வாளி இருந்தது. எல்லா வாளிகளிலும் நகப்பாலீஷால் பெயர் எழுதியிருப்போம். இதில் ஷீலா என்று இருந்தது. எழுதியது யார் என்று ஒருத்தியும் ஒப்புக்கொள்ளவில்லை. யாராவது விளையாட்டுக்குச் செய்திருப்பார்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஐந்தரை மணிக்குக் குளிக்க அடித்துக்கொள்கிற கூட்டத்தில், வாளி பற்றாமல் நிற்கிற கூட்டத்தில், அந்த வாளியை மட்டும் ஒருவரும் தொடவில்லை. ஒரு மாதம் அது காய்ந்தபடியே நின்றது. அதைத் தாண்டிப் போகும்போது பாவாடையைக் கொஞ்சம் ஒதுக்கிக்கொள்வோம்.

அந்த மாதத்தில்தான் நான் மெத்தையைத் தட்டி விரிக்கும்போது, சுவரோரமாக ஒரு சின்ன வெள்ளை பாட்டில் உருண்டு வந்தது. உள்ளே மாத்திரைகள். மேலே ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

அன்று நான் தரையில் படுத்தேன். அடுத்த மூன்று நாளும் தரையில்தான். எச்.ஐ.வி. டஸ் நாட் ஸ்ப்ரெட் பை ஷேரிங் எ பெட் என்று நூறு தடவை சொன்ன வாய் என்னுடையது. வகுப்பிலேயே உச்சரிப்பு சுத்தம் என்று பெயர் வாங்கியவள் நான். ஆங்கிலத்தில் எனக்கு எல்லாம் தெரியும். தமிழில் என் முதுகு அந்த மெத்தையில் படுக்க மறுத்தது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது, ஆனாலும் எழுந்து கட்டிலில் போய்ப் படுக்கவில்லை.

நாலாவது நாள் பேச்சி, "ஏன்ட்டி தரைல கெடக்க?" என்று கேட்டாள். நான் சொல்லியிருக்கக் கூடாது. முதுகு வலி என்றால் நம்பியிருப்பாள்.

"என் கட்டில்ல இருக்கிறது ஷீலான்னு நினைக்கிறேன்" என்றேன்.

பேச்சி கெட்டவள் இல்லை. அவள் ஒருத்தியிடம்தான் சொன்னாள். அந்த ஒருத்தி ஹாஸ்டல் வாட்ஸப் குழுவில் போட்டாள். சனிக்கிழமைக்குள் எங்கள் மாடியில் பாதிப் பேர் தரையில் படுத்திருந்தார்கள்.

ஞாயிறு, வகுப்பின் நடுவில் வார்டன் அக்கா வந்தார். பென்னலூர்க்காரர். சத்தம் பெரிதே தவிர மனசு மோசமில்லை. காய்ச்சல் வந்தால் தன் வீட்டுக் கஞ்சியைக் கொண்டுவந்து கொடுப்பார். அன்று கையில் வருகைப் பதிவேட்டோடு வந்தார்.

"இன்னா மிஸ், பாடம் நடத்துறீங்களா, வெடி வெக்கிறீங்களா? ஒருத்தியும் கட்டில்ல படுக்க மாட்டேன்றா. பதினேழாம் நம்பர்ல ஷீலா கீறாளாமே? அந்தக் கட்டில் நைட் ஷிஃப்ட் பொண்ண நாளிக்கே ஊருக்கு அனுப்பி வுட்டுடப் போறேன்."

"அந்தப் பொண்ணு ஷீலா இல்லைங்க" என்றார் மிஸ்.

"அப்ப யாரு? ஷீலா கீறாளா, இல்லியா?"

"இல்லைன்னு சொன்னா நம்புவீங்களா?"

"மாத்திரைய கண்ணால பாத்துட்டு வந்து சொல்றாளுங்க. இல்லன்னா நம்பறதுக்கு நான் இன்னா கைக்கொயந்தையா? ஏஜென்சிக்காரன் காதுக்குப் போச்சுன்னா என் வேலையே பூடும் மிஸ்."

யார் பார்த்தது என்று வார்டன் அக்கா சொல்லவில்லை. ஆனால் பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்ஸும் பார்த்தார். நான் பலகையின் மூலையில் இருந்த மெனுவைப் படித்துக்கொண்டிருந்தேன். அன்று கீரைக்கூட்டு.

மேலே யாரோ புரண்டு படுத்த சத்தம் கேட்டது. மிஸ் கூரையைப் பார்த்தார். அந்தப் பதினேழாம் கட்டில் பெண் ஒன்றும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். இல்லை என்ற உண்மை அவளைக் காப்பாற்றாது என்று மிஸ்ஸுக்குத் தெரிந்துவிட்டது. அவர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு தடுமாற்றம் வந்தது.

"ஷீலா போயிட்டா" என்றார். "நேத்தே ஊருக்குப் போயிட்டா. இனிமே வர மாட்டா."

வார்டன் அக்கா பெருமூச்சு விட்டார். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று பதிவேட்டை மூடிக்கொண்டு போனார். அன்று இரவு எல்லோரும் கட்டிலில் ஏறிப் படுத்தார்கள், நானும்தான். ஒரு பொய்யில் எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்தோம்.

வார்டன் அக்கா அறைக்குப் போய்ப் பதிவேட்டைத் திறந்து பார்த்திருக்கிறார். முந்தின நாள் சனிக்கிழமை ஊருக்குப் போனவள் ஒரே ஒருத்திதான். சங்கீதா, ராத்திரி ஷிஃப்ட், ஊர் வந்தவாசிப் பக்கம். மிஸ் பெயரை மட்டும் மாற்றிச் சொல்லியிருக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டார்.

சங்கீதா தன் அக்காவின் கல்யாணத்துக்கு ஐந்து நாள் லீவு வாங்கிக்கொண்டு போயிருந்தாள். வியாழக்கிழமை திரும்பி வந்தாள். அன்று பாகங்கள் வராமல் எங்கள் லைன் நின்றுவிட்டது. நாலரை மணிக்கே எங்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அதனால் ராத்திரி ஷிஃப்ட் பெண்கள் பஸ்ஸுக்காக வாசலில் நிற்பதை முதன்முதலாக வெளிச்சத்தில் பார்த்தேன். என் கட்டில்காரி அவர்களில் யார் என்று தேடினேன், தெரியவில்லை. அவர்களுக்கு எதிரில், கேட்டுக்கு வெளியே, ஒல்லியாக ஒரு பெண் நின்றிருந்தாள். கைகளில் மருதாணி அப்படியே சிவந்திருந்தது. பையிலிருந்து எவர்சில்வர் தூக்கை எடுத்துத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தாள். கல்யாண லட்டு.

ஒருவரும் எடுக்கவில்லை.

"இன்னாங்கடி, ஆளாளுக்கு நிக்கிறீங்க? எங்கம்மா உங்களுக்குன்னுதான் குடுத்துவுட்டாங்க. எடுத்துக்கங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தூக்கை ஒவ்வொருத்தியிடமும் கொண்டுபோனாள். அவள் ஓரடி முன்னால் வந்தால் கூட்டம் ஓரடி பின்னால் போனது. அவள் நின்றுவிட்டாள். எல்லோர் முகத்தையும் வரிசையாகப் பார்த்தாள். "இன்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

வார்டன் அக்கா வந்து தோளில் கைவைக்காமல், ஆனால் மெதுவாகத்தான், அவளை அறைக்குக் கூட்டிப்போனார். பத்து நிமிடத்தில் அவள் பெட்டியோடு வெளியே வந்தாள். ஷீலா என்று யாரும் இல்லை, இது பாடத்தில் வந்த பெயர், இந்தப் புரளி என் வாயில் ஆரம்பித்தது என்று நான் மூன்று வாக்கியங்கள் சொல்லியிருந்தால் போதும். தமிழிலேயே சொல்லியிருக்கலாம். நான் சொன்னால் பதினேழாம் கட்டிலுக்கு மறுபடி பிரச்சினை வருமே என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் வேலையைப் பற்றித்தான் பயந்தேன். சங்கீதா லட்டுத் தூக்கை மூடி இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டு ரோடு பக்கம் நடந்து போனாள்.

ஞாயிறு மிஸ் வந்ததும் பேச்சிதான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மிஸ் பைகூட இறக்கவில்லை. நின்றபடியே கேட்டார்.

"அந்தப் பொண்ணு பேர் என்ன?"

சொன்னோம்.

"ஊர்?"

ஊரின் பெயரைப் பலகையில் எழுதுவது போல விரலால் காற்றில் எழுதிக்கொண்டார். வார்டன் அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னார். வார்டன் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணின் வீட்டுக்கு அவர் போன் போட்டே விஷயத்தைச் சொல்லியிருந்தார், நல்லது என்று நினைத்து. மிஸ் திரும்பி வந்து என் முன்னால் நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீயும் வா" என்றார்.

அதன்பிறகு அவர் எங்களுக்கு வகுப்பெடுக்க வரவில்லை. அவருக்குப் பதிலாக ஒரு பையன் கம்ப்யூட்டரில் படம் போட்டுக்காட்டினான், எச்.ஐ.வி. பற்றி ஒரு வார்த்தை இல்லை, நம்மை நாமே அறிமுகப்படுத்திக்கொள்வது எப்படி என்று ஆறு வாரம் போனது. ஷிஃப்ட் மாறியபோது என் கட்டில்காரியைப் பார்த்தேன். குடியாத்தம் பக்கத்துப் பெண், நல்ல உயரம், பேசினால் நிறுத்தமாட்டாள். அந்த மாத்திரை எதற்கு என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை தெரியாது. இப்போது நான் மறைமலை நகரில் வேறொரு கம்பெனியில் லைன் லீடர். எனக்குக் கீழே நாற்பது பேர். "எல்லாரும் சொல்றாங்க அக்கா" என்று எவளாவது வந்தால், யார், பெயர் சொல் என்று கேட்கிறேன். என்னை மிரட்டல்காரி என்கிறார்கள்.

அன்று சங்கீதாவின் ஊருக்கு உத்திரமேரூர் வழியாகப் போனோம். இரண்டரை மணி நேரத்தில் மிஸ் பேசியது ஒரே ஒரு தடவை. "பசிக்குதா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

வீட்டு வாசலில் கல்யாணப் பந்தலின் கால்கள் இன்னும் பிடுங்கப்படவில்லை. சங்கீதாவின் அம்மா எங்களை உட்காரச் சொல்லவில்லை. சங்கீதா பக்கவாட்டில், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட தனிச் சார்ப்பில் இருந்தாள். பாய், ஒரு தட்டு, ஒரு குடம், இரண்டு தம்ளர். மிஸ்ஸைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"நான் யாருன்னு உனக்குத் தெரியாது" என்று மிஸ் ஆரம்பித்தார்.

"கொரல் தெரியும் மிஸ்" என்றாள் அவள். "ஞாயித்துக்கெழமல மேல கேக்கும். பாதித் தூக்கத்துல கேட்டுக்கினே படுத்திருப்பேன். வந்தவாசிப் பக்கம்னு சொன்னீங்க. கையில தழும்புன்னு சொன்னீங்க. எனக்கு ஊறுகான்னா உசுரு. ஷீலா ஷீலான்னு நீங்க சொல்றப்பல்லாம் என்னையத்தான் சொல்றீங்கன்னு தோணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நாலு நாளா கை காலெல்லாம் ஓயுது. நாக்குல ருசி தெரியல. மிஸ், நெஜமாவே எனக்கு இருக்குதா?"

ஷீலாவைப் பற்றி எதைக் கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொன்னவர், அன்று வாயைத் திறந்து மூடினார். எனக்கு அந்த இடத்தைவிட்டு ஓட வேண்டும் போல இருந்தது.

"யாருக்கு இருக்கு, யாருக்கு இல்லன்னு பார்த்துச் சொல்ல முடியாதும்மா. ரத்தம் டெஸ்ட் பண்ணாதான் தெரியும்" என்றார். "ஆனா உனக்கு இருக்குன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லல. அது என் வாயிலேர்ந்து வந்தது. நான் சொன்ன பொய். ஷீலான்னு ஒருத்தி இல்லவே இல்ல."

கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு மூச்சு வாங்கியது. சொன்னபின் சங்கீதாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். மருதாணி மங்கியிருந்தது. பிறகு அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். அதில் பாட்டிலைப் பார்த்தவள் யார், புரளியைக் கிளப்பியவள் யார் என்பது வரவே இல்லை. நான் சொல்வதற்கு இடம் விட்டு இரண்டு முறை நிறுத்தினார். நான் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சங்கீதா அழவில்லை. அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. வந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லையே என்ற ஞாபகம் வந்தவள் போலக் குடத்திலிருந்து இரண்டு தம்ளர்களிலும் தண்ணீர் மொண்டு கொண்டுவந்தாள்.

மிஸ் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

எனக்கு நீட்டினாள். எனக்கு எல்லாம் தெரியும். அவளுக்கு ஒன்றுமில்லை என்று தெரியும். அப்படியே இருந்தாலும் தண்ணீரில் வராது என்று தெரியும். ஷீலா என்று யாருமில்லை என்று மிஸ் சொன்னது இன்னும் காதிலேயே இருந்தது. ஆனாலும் தூக்கிய என் கை பாதி வழியில் நின்றது. கண் இமைக்கிற நேரம்தான்.

சங்கீதா பார்த்துவிட்டாள். மிஸ்ஸும் பார்த்தார்.

"பரவால்லக்கா. அப்பறமா குடிங்க" என்று சங்கீதா தம்ளரைக் கீழே, எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். நான் சட்டென்று குனிந்து எடுத்து, கழுத்தெல்லாம் வழிய முழுவதையும் குடித்தேன். தலையை நிமிர்த்தியபோது அவள் சார்ப்புக்குள் போய்ப் பாயில் உட்கார்ந்திருந்தாள்.